பிலோமினா டீச்சரும் என் ஞானப்பல்லும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அதிபர் வாசலுக்கு வந்து என்னை அழைத்தார். "தலவாக்கலையில இருந்து போன் வந்துச்சு. நம்ம பிலோமினா டீச்சர் காலையில தவறிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றார்.

நோர்வூட்டுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டப் பாடசாலையில் ஆறு வருடங்கள் ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். கணித டீச்சரான அவர் கண்டிப்பானவர் என்று பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பயந்தவர் என்பதை நான் ஒரு நாள் கண்டேன்.

அப்போது என் கீழ்த்தாடையில் ஞானப்பல் முளைத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் சொன்னார்கள். நம்பவில்லை என்று வெளியில் சொன்னேன், உள்ளுக்குள் நம்பினேன். கிராம்பைக் கடித்துக்கொண்டே ஒரு மாதம் கடத்திவிட்டு, ஒரு திங்கட்கிழமை வீங்கிய கன்னத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்தபடி பாடசாலைக்குப் போனேன்.

"வாயத் தொறங்க சுமதி" என்றார் டீச்சர். ஒரு விரல் நுழையும் அளவுகூடத் திறக்க முடியவில்லை. தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். பலகைபோல இறுகியிருந்தது.

"எச்சி முழுங்க முடியுதா?"

இல்லையென்று தலையாட்டினேன். "ரெண்டு நாள் பார்ப்போம் டீச்சர்" என்று முனகினேன்.

"அத மட்டும் சொல்லாதீங்க!" பிள்ளைகளிடம்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தன் தம்பி சேவியரைப் பற்றிச் சொன்னார். "அவனுக்கும் இப்படித்தான். பல்லு முளைக்க எடமில்லாம படுத்துக்கிச்சு. சாப்பாடு அடைஞ்சு, சீழ் வச்சு, கழுத்துக்கு எறங்கிருச்சு. ரெண்டு நாள் பார்ப்போம்னு நாந்தான் சொன்னேன். திம்புள்ளயில இருந்து ஆஸ்பத்திரிக்கு லொறியில ஏத்தினோம். மூச்சு விட முடியல. பாதி வழியில..."

ஒவ்வொரு வளைவிலும் என் மூச்சு வருகிறதா என்று நானே கவனித்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சிங்களத்தில் பேசினார். டீச்சர் தமிழில் சொன்னார்: "ஒழுங்கா முளைச்ச ஞானப்பல்ல விட்டுறலாமாம். ஒங்களுது முன்னால இருக்குற பல்ல முட்டிக்கிட்டு படுத்திருக்கு. விட்டா திரும்பத் திரும்ப சீழ் வைக்குமாம். இப்ப சீழ எடுத்துட்டு, வீக்கம் கொறைஞ்சதும் பல்ல எடுப்பாங்க." டொக்டர் இன்னும் ஏதோ சொன்னார். டீச்சர் தயங்கினார். பிறகு, "எடுத்தா ஒதடு மரத்துப் போகலாமாம். அநேகமா சரியாயிருமாம். சில பேருக்கு சரியாகாதாம்" என்றார்.

"பயமா இருக்கு டீச்சர்."

"எனக்கும்தான். பொய் சொல்லி ஒங்கள உள்ள அனுப்ப மாட்டேன்."

அவர் வெளியே செபமாலையோடு உட்கார்ந்து, போகிற வருகிற தாதியிடமெல்லாம் "மூச்சு விடுறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். சீழை எடுத்து, ஐந்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். பிறகு பல்லை எடுத்தார்கள். மூன்று மாதம் மரத்திருந்த உதடு சரியானது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டீச்சரைச் சேவியரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்தோம்.

போன வாரம் என் அக்கா மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். ஒன்றும் இருக்காது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "எனக்கும் பயமா இருக்குக்கா. நாளைக்கே போவோம்" என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பயம் வந்த உடனே கிளம்பிவிடும் பழக்கத்தை டீச்சரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.