அளவெடுக்காத டிரங்குப் பெட்டி

சித்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் துணிகளுக்கென்று இடம் கிடையாது. கொடியில் பாதி, நாற்காலி முதுகில் கொஞ்சம், மிச்சம் கூடத்து மூலையில். நான் பத்திரிகை நிருபர். திருத்தணிப் பக்கத்து ஊர்கள் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று பேச்சு நடந்த சமயம் அது. எல்லைச் செய்திக்காக அலைந்துகொண்டிருந்த நான், சலவைச் சட்டையைத் தேடியே இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டேன். மர பீரோ ஒன்று செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், என் அக்கா. அக்காவின் கணவர் இறந்து ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. திருத்தணிக்கு அருகே அவர் ஊரில் அவளுக்கு அரை ஏக்கர் இருந்தது. கொழுந்தன் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். அவள் எங்களோடு இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவரவர் துணியைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றேன். மடித்து அடுக்கி டேப்பால் அளந்தேன். என் சட்டை மடித்தால் பதினோரு அங்குல அகலம். கோட்டு தொங்க நாற்பது அங்குல உயரம் வேண்டும். மனைவியின் பட்டுப்புடவைகள் மேல் தட்டில். குழந்தைகளின் பாவாடைகள் கீழே, அவர்களே எடுத்துக்கொள்கிற மாதிரி. போர்வைக்குத் தனித் தட்டு. அளவுகளைக் குறித்து ஒரு தாளில் பீரோவின் படத்தை வரைந்தேன்.

அக்கா கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து படத்தை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சரிடா. எங்க வெச்சி மடிக்கிறது? தரையில குந்திக்கினா?"

"வேற எப்படி?"

"இடுப்பு ஒசரத்துல ஒரு பலகை வை. இஸ்தா வெளிய வரணும், தள்ளுனா உள்ள போவணும். வருஷம் பூரா நீயா மடிக்கப் போற?"

அந்தப் படத்திலேயே உருப்படியான யோசனை அதுதான். உடனே வரைந்துகொண்டேன். அவள் துணியைக் கொண்டுவரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பீரோ செய்தவர் திருப்பதி தச்சர். நான் வேங்கை கேட்டேன். "வேணாம் சார், ஈரம் பட்டா வெள்ளைத் துணியில கறை ஏறும்" என்று தேக்குக்கு மாற்றினார். வாசற்படி அகலம் பார்க்க ஒருநாள் சித்தூருக்கு வந்தவர், கூடத்தில் உட்கார்ந்து படத்தை விரித்து விரல் விட்டு எண்ணினார்.

"ஊட்ல அஞ்சு பேருன்னீங்க. இதுல நாலு பேருக்குத்தானே எடம் கீது?"

"அக்காவுக்கு ரெண்டு புடவைதான். ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில. அதுக்கு எதுக்குத் தட்டு?"

தச்சர் சிரிக்கவில்லை. என் பின்னால் பார்த்தார். அக்கா அவருக்கு மோர் கொண்டுவந்து நின்றிருந்தாள்.

"ஆமா மேஸ்திரி" என்றாள். "கொடி எங்க போயிடப் போவுது? குடிங்க."

அப்போதும் பென்சில் என் கையில்தான் இருந்தது. ஒரு கோடு போட்டிருந்தால் போதும். தச்சர் காத்திருந்த மாதிரிகூட எனக்குத் தோன்றியது. நான் தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பீரோ வந்த அன்று அக்காதான் பலகையை இழுத்துவைத்து எல்லாருடைய துணியையும் மடித்தாள். எது எந்தத் தட்டு என்று என்னைக் கேட்கவே இல்லை. படத்தை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"எங்க ஊரு மெட்ராஸ் பக்கம் போவுதாமே. பட்டாவெல்லாம் புதுசா எழுதுவாங்களாம். எதிர்ல ஆளு இல்லன்னா பேரு வுட்டுப் போயிடும். நான் போயி அங்கியே இருந்துக்கறேன்."

பதிவேடுகள் இருக்கிறபடியே தாலுகா மாறும், யாரும் நேரில் வர வேண்டியதில்லை என்று ஓர் அதிகாரி சொல்லி, நானே செய்தி அனுப்பியிருந்தேன். பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட நின்று விளக்கிய விஷயம். அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால், பின்னே எதற்காகப் போகிறாய் என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்விக்கான பதில் கூடத்தில் ஆறடி உயரத்தில் நின்றது.

"உங்க அக்காவ போவ வேணாம்னு சொல்லக் கூடாதா?" என்று மனைவி அன்றே கேட்டாள்.

"அவங்க நெலம். அவங்க இஷ்டம்" என்றேன்.

புறப்படுகிற காலையில் சமையலறைப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டி ஒன்றை இறக்கித் தரச் சொன்னாள். அப்படி ஒன்று அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் தூக்க முடியாத கனம். அவளிடம் இரண்டு புடவைதான் என்று தச்சரிடம் சொன்னவன் நான். செய்தியில் ஓர் ஊர்ப் பெயரைக்கூட இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதாதவன்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அவள் பின்னால் வந்தாள்.

"என்னக்கா இருக்கு இதுல?"

"துணிதான்டா. வேற இன்னா?"

திருத்தணி பஸ் வந்தது. பெட்டியைக் கூரைமேல் ஏற்றிக் கட்டினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பலகைக்கு மாதம் ஒருமுறை மெழுகு தடவச் சொன்னாள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளுமாம். சரி என்றேன். போகாதே என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.