கறிவேப்பிலை வாடகை

புயற்காற்றில் வேலி சாய்ந்தது. புதிதாகப் போடும் முன் நில அளவையாளரை வரவழைத்தேன். பழைய வேலி எங்கள் நிலத்துக்குள் ஓரடி தள்ளி நின்றிருக்கிறது என்றார் அவர். அந்த ஓரடிக்குள்தான் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிளின் கறிவேப்பிலை மரம் இருந்தது.

நாங்கள் குடியேறிய இந்த வெரிபீ ஊர்க் குளிரில் கறிவேப்பிலை தொட்டியில் பிழைப்பதே அரிது. இது மண்ணில் வேர்விட்டு என் தோளுயரம் வந்திருந்தது. அவருடைய மனைவி நட்டது. அந்த அம்மா இறந்த பிறகு, உறைபனி விழும் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாட்களில் அங்கிள் பழைய படுக்கை விரிப்பை எடுத்துவந்து மரத்துக்குப் போர்த்துவார்.

வேலி நேராக வர வேண்டும் என்றேன்.

"வேரோட கிளப்பினா அது செத்துப்போம், தம்பி."

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

என் மனைவி பல்கலைக்கழகத்தில் இடைக்கால இங்கிலாந்தின் நிலத் தகராறுகளை ஆராய்கிறாள். ஒருவர் மாடு அடுத்தவர் புல்வெளியில் மேய்ந்தாலும் அங்கே வழக்குதான். ஆனால் பல வழக்குகள் தீர்ப்புவரை போவதில்லை. இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய நடுவரைச் சொல்லி, நாள் குறித்து உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். அந்த நாளுக்கு அன்பு நாள் என்று பெயராம்.

"நாமளும் அப்படி உக்காரலாமே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

"உங்க பக்கம் யாரு, அங்கிள்?"

"வேற ஆர்? உங்கட மனிசிதான்."

"அவ என் பக்கம், அங்கிள்."

"கிழமைக்குக் கிழமை இலை பறிக்க மரத்தடிக்கு வாறது இந்தப் பிள்ளைதானே. நீங்கள் ஒருநாளாவது வந்தனீங்களோ?"

என் மனைவி சிரித்துக்கொண்டே நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். என் தரப்பில் நான் மட்டும் மிஞ்சினேன்.

நிலம் எங்களுடையதே, மரம் உயிரோடிருக்கும்வரை அந்த ஓரடி அங்கிளிடம் இருக்கும் என்றாள். ஆண்டுக்கொரு ரோஜாவை வாடகையாகக் கொடுத்து நிலம் வைத்திருந்தவர்கள் அந்த நாட்டில் உண்டாம்.

"வருஷத்துக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை. சம்மதமா?"

அங்கிள் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதம் என்றேன்.

வேலி போட வந்தவர், இந்த இடத்தில் வளைக்கத்தான் வேண்டுமா என்று மறுபடியும் கேட்டுவிட்டு வளைத்தார்.

வாடகை ஆண்டுக்கு ஒருமுறைதான். அங்கிள் வாரந்தோறும் கொத்தோடு வந்து நிற்கிறார்.

"இது எந்த வருஷத்துக்கு, அங்கிள்?"

"நான் போனாப் பிறகு வாற வருசங்களுக்கு. வாடகை வாங்கினாப் பிறகு நீங்கள் மரத்தை வெட்டேலாதெல்லோ?"

வாங்கிக்கொண்டேன்.