முழிக்க ஒரு முகம்

கண்ணில் புரை எடுத்த மறுநாள் கட்டைப் பிரித்து, எவ்வளவு தெரிகிறது என்று அளந்து எழுதுவது தாம்பரத்துக் கண் மருத்துவமனையில் என் வேலை. எனக்குப் பொறுமை கம்மி. காலையிலேயே பெஞ்சு நிறைந்துவிட்டால் முணுக்கென்று கோபம் வரும்.

அன்று முதல் ஆள், ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் விற்கும் அக்கா. கட்டைப் பிரித்துத் துடைத்துவிட்டு, "கண்ணத் தொறங்கக்கா" என்றேன். இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"எம் வூட்டுக்காரரு வரட்டும்மா. அவரு மூஞ்சிலதான் முழிப்பேன்."

முதலில் சாமி படத்தைப் பார்க்கவேண்டும் என்பவர்கள் உண்டு. அதற்காகவே சுவரில் எல்லா மதத்துச் சாமியையும் மாட்டி வைத்திருக்கிறோம். கட்டிய புருஷனைக் கேட்டு நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே வெளியே போய்த் தேடினால், மனுஷன் டீக்கடைப் பக்கம் ஒளிந்து நிற்கிறார்.

"வேணாம்மா. முன்ன இன்னொரு கண்ணுல ஆபரேசன் பண்ணப்போ என் மூஞ்சிலதான் முழிச்சுது. அந்தக் கண்ணே பூடுச்சு. இது ஒண்ணுதான் கீது. நான் வரல."

என் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே வந்து அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும்மா, அதுக்குத்தான் கூப்புட்றேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "சீழ் புடிச்சுப் போன கண்ணு அது. அதுக்கு இவரு மூஞ்சி இன்னா பண்ணும்? சொந்தக்காரங்க பேசிப் பேசி, ஒரு கல்யாணத்துக்குக்கூட வர மாட்டேன்றாரு. அதே மூஞ்சில முழிச்சு இந்தக் கண்ணு வரணும். இட்டுக்கினு வாம்மா அவர."

கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இப்போதும் தெரியாமல் போனால் அந்த மனுஷன் ஆயுசுக்கும் தலை நிமிரமாட்டார். அவரை அறை வாசலில் நிறுத்திவிட்டு, "தொறங்கக்கா" என்றேன்.

திறந்தார். சிமிட்டினார். நீர் வழிந்தது.

"யோவ்! சட்டைல பித்தான மாத்திப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு வந்துகீற? நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

அவர் குனிந்து பார்த்தார். நிஜம்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். ஆனாலும் வேலை வேலைதானே. அட்டையைப் பார்க்கச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டை அது. மூன்று கால் வைத்த குறிகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். அக்கா மீன் விலை சொல்லும் வேகத்தில் காட்டிக்கொண்டே கடைசிக்கு முந்தைய வரிவரை இறங்கிவிட்டார். முந்தின நாள் என் விரல்களைக்கூட எண்ண முடியாத கண்! 'சிக்ஸ் பை நைன்', அதாவது கிட்டத்தட்ட முழுப் பார்வை, என்று எழுதும்போது சந்தோஷத்தில் என் கையெழுத்து கோணிக்கொண்டது.

இருவரும் கிளம்பினார்கள். வாசல் பெஞ்சில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு கண் கட்டோடு உட்கார்ந்திருந்த ஊரப்பாக்கத்து வாத்தியார் சட்டென்று எழுந்து வீட்டுக்காரரை மறித்தார்.

"அண்ணா, அடுத்தது நான்தான். ஒரு நிமிஷம் உள்ள வந்து நில்லுங்களேன். உங்க முகத்துலயே முழிச்சிடறேன்."

அவர் திகைத்துப் போய் அக்காவைப் பார்த்தார். "போய்யா, போய் நில்லு" என்றார் அக்கா.

அன்று பெஞ்சு காலியாகும்வரை யாரும் அவரை வீட்டுக்கு விடவில்லை.