வலை அவிழ்த்த டுரியான் தோட்டம்

பாலிக் புலாவ் மலையடிவாரத்தில், காட்டை ஒட்டினாற்போல் என் பெரியப்பா மகள் சாந்தி அக்காவின் டுரியான் தோட்டம். பள்ளி விடுமுறை என்றாலே நான் அங்கேதான் கிடப்பேன். டுரியானை யாரும் பறிப்பதில்லை, தானாக விழ வேண்டும். பொத்தென்று சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடுவோம். அந்தத் தோட்டத்தைக் குத்தகைக்கு விடலாமென்று இருப்பதாக அக்கா போனில் சொன்னதும் எனக்கு மனசே கேட்கவில்லை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

நகரத்துக் கொம்தார் பஸ் நிலையத்தில் காலை எட்டரைக்கு பஸ். ஒன்றரை மணி நேரத்தில் பாலிக் புலாவ். அங்கிருந்து வாடகைக் காருக்குப் பன்னிரண்டு வெள்ளி கொடுத்தும், "மேல ரோடு மோசம்லா தம்பி" என்று டிரைவர் பாதியிலேயே இறக்கிவிட்டார். மிச்சத்தை முனகிக்கொண்டே நடந்தேன்.

நாங்கள் உருண்டு புரண்ட அறையில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். கொல்லையில் கொட்டாத கெலுலுட் தேனீக்களின் பெட்டிகள், சமையலறை நிறைய ஜாதிக்காய் ஊறுகாய். காட்டோரத்தில் காய்க்கும் நாற்ற அவரை, பெத்தாயும் சந்தைக்குப் போகிறதாம். எல்லாம் ஒரு வலையால் வந்தது. டுரியானுக்கு இடையில் நிற்கும் ரம்புத்தான் மரங்களின் பழத்தை வௌவால் தின்கிறதென்று அக்காவின் கணவர் ராமு மாமா தோட்டம் முழுக்க வலை கட்டினார். பருவம் முடிந்தும் அவிழ்க்கவில்லை. டுரியான் பூ இரவில் விரிவது, வௌவால் வந்தால்தான் காய் பிடிக்கும். இரண்டு வருஷம் பூத்ததெல்லாம் அப்படியே கொட்டிப் போனது. பிழைப்புக்கு அக்கா இதையெல்லாம் தொடங்கினாள்.

"வலைய அவுத்தாச்சுடா. இந்த வாட்டியும் காய் நிக்கலன்னா, திங்கக்கிழமை இவரு செபராங் ஜெயா ஃபேக்டரிக்குப் போயிருவாரு. என்னால ஒண்டியா தோட்டத்தப் பாக்க முடியாது" என்றாள் அக்கா.

பிஞ்சும் பாதி கொட்டும் என்பதால், பயத்தில் மாமா ஒரு வாரமாக மரங்களின் பக்கமே போகவில்லை. சாயங்காலம் நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். பெரிய மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். கிளையோடு ஒட்டி, முள் வைத்து, கொத்துக் கொத்தாகக் காய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா போனை எடுத்தார்.

"பாஸ், திங்கக்கிழமை நான் வரல. தோட்டத்துல வேலை இருக்கு."

"தேனையும் ஊறுகாயையும் நான் விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

போகிறவர்கள் ரொக்கமும் கொசு மருந்தும் எடுத்துப் போங்கள். ஜூனில் போனால் டுரியான் விழும் சத்தம் கேட்கலாம். ரம்புத்தான் மட்டும் கேட்காதீர்கள். அதை மாமா வௌவால்களுக்கு விட்டுவிட்டார்.