செல்வி யார் என்று கேட்டார்கள்

என் மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். மருமகள் பக்கத்து ஊரான கொட்டாரத்தில் ஒரு இந்துக் குடும்பத்துப் பெண். மாதா கோவிலில் கல்யாணம் நடக்க வேண்டும் என்று ஞானஸ்நானம் கொடுத்து, செல்வி என்ற பெயரை ஸ்டெல்லா என்று மாற்றினோம். எங்கள் கடற்கரையில் அதுதான் வழக்கம். கல்யாணச் சான்றிதழில் ஸ்டெல்லா, பாஸ்போர்ட்டில் செல்வி. ஒரு விளக்கமும் எழுதாமல், அவளும் கனடா போக விசாவுக்கு அனுப்பிவிட்டோம்.

மருமகள் நாகர்கோவிலுக்குப் போயிருந்த நாளில் எனக்குப் போன் வந்தது. விசா விசாரணை என்றது ஒரு ஆண் குரல்.

“உங்க மகனோட மனைவி பேர் என்னம்மா?”

“ஸ்டெல்லா.”

“அப்போ செல்வி யாரு?”

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் புழங்கியதே இல்லை; அது மருமகளின் பழைய பெயர் என்பது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அந்நியரிடம் பேசவும் எனக்குக் கூச்சம். “அப்பிடி இங்க ஆரும் இல்ல” என்று வைத்துவிட்டேன்.

மருமகள் வந்ததும் சொன்னேன்.

“என்ன மாமி, நான் இல்லைன்னா சொன்னிய?”

“பயந்துட்டேன் மக்ளே.”

பிறகு கடிதம் வந்தது. கல்யாணம் நடந்தது உண்மையா என்று சந்தேகமாம். நிரூபிக்காவிட்டால் விசா கிடையாதாம். ஞானஸ்நானச் சான்றிதழும், இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று வக்கீலிடம் எழுதி வாங்கிய பத்திரமும் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. போன் அடித்தால் எடுத்து மருமகளிடம் கொடுத்துவிடுகிறேன்.

பெயர் மாற்றியிருந்தால் அதற்கான ஆதாரத்தை முதலிலேயே சேர்த்து அனுப்புங்கள், சகோதரிகளே. நான் இப்போது அவளைச் செல்வி என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே அடுக்களைக்குப் போனேன். போய்ப் பார்த்தால், கரண்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்கிறாள்.