தோளில் வந்தவள்

பூங்காவின் வாசல் காவலரைத் தோட்டக்காரர்கள் ‘டிக்டிக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கைக்கு ஒன்றாக இரண்டு எண்ணும் கருவிகள். உள்ளே போகிற ஆளுக்கு வலது கட்டைவிரல் அழுத்தும். வெளியே வருகிற ஆளுக்கு இடது. மாலை ஆறு மணிக்கு இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் கதவைப் பூட்டுவார். பதினேழு வருடத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது; அதனால் அவர்களை எண்ணுவதும் கிடையாது.

“என்ன டிக்டிக்கு, மேகத்தையும் எண்ணிட்டியா?” என்பார் மூத்த தோட்டக்காரர்.

“அது டிக்கெட் எடுக்கலயே.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனில் ஒரு குடும்பம் வந்தது. பெரியவர்கள் பதினொரு பேர். அப்பாவின் தோளில் இரண்டரை வயதுப் பெண் ஒருத்தி. கடந்து போகும்போது எட்டி அவர் தொப்பியைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

ஆறு மணிக்கு இரண்டு கருவியிலும் 1,214. பூட்டிவிட்டார்.

ஆறு இருபதுக்கு ஒரு வேன் திரும்பி வந்தது. அம்மாக்காரி கம்பியைப் பிடித்து உலுக்கினாள். “அண்ணே, பாப்பாவக் காணோம்! அந்த வேன்ல இருக்கான்னு நாங்க நெனச்சோம், இந்த வேன்ல இருக்கான்னு அவங்க நெனச்சாங்க. கதவத் தொறங்கண்ணே!”

“உள்ள யாருமில்லம்மா. கணக்கு சரியா இருக்கு. போற வழியில டீக்கடையில எறங்குனீங்களா?”

இறங்கியிருந்தார்கள். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் அங்கே ஓடினார்கள்.

ஆறே முக்காலுக்குத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனார். கை அந்தரத்தில் நின்றது. தோளில் வந்தவள். அவளை எண்ணவே இல்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். அல்லிக்குளத்தின் கரையில் ஒரு செருப்பு கிடந்தது. குளம் முழங்கால் ஆழம்தான். அந்த உடம்புக்கு அதுவே போதுமாக இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, “நீங்க முறைப்படிதான் செஞ்சிருக்கீங்க, உங்க மேல தப்பில்ல,” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வீட்டில் மனைவி, “அதான் எழுதியே குடுத்துட்டாங்களே, ஒரு வாய் சாப்பிடுங்க,” என்றாள். சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து தோளில் வந்தாலும் இடுப்பில் வந்தாலும் ஒரு அழுத்து. டிக்கெட்டோடு எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்று அலுவலகம் இரண்டு முறை கடிதம் அனுப்பியது. அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் செய்தார், அதை அந்த மூத்த தோட்டக்காரர் மட்டுமே கவனித்தார். காலையில் கதவு திறக்கும் முன், யாருமே வராதபோது, வலது கட்டைவிரலால் ஒரு முறை அழுத்துவார். ஆறு மணிக்கு இடது கைக் கருவியில் ஒன்று குறையும். குறைந்தால் பூட்ட முடியாது.

“இன்னைக்கும் ஒண்ணு குறையுதா?” தோட்டக்காரர் கேலி செய்வதை எப்போதோ விட்டிருந்தார்.

“குறையுது.”

டார்ச்சோடு புறப்பட்டு, புதர் புதராக விலக்கிப் பார்த்து, குளத்தை இரண்டு முறை சுற்றி வருவார். அதன் பிறகுதான் பூட்டுவார். ஓய்வு பெறும்வரை, ஒன்பது வருடம்.