உஷ் அக்கா வீட்டு முகாம்

காலை ஒன்பதே முக்காலுக்கு உஷ் அக்கா தரையில் உட்கார்ந்து நாற்காலிகளுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான்கு நாற்காலி, பதினாறு கால். எல்லாம் கணவரின் பழைய காலுறைகள்; பெருவிரல் பக்கம் ஓட்டை விழுந்தவை. ஒரு காலுக்கு நீலம், அடுத்த காலுக்குப் பழுப்பு. மாட்டி முடித்ததும் நாற்காலியை இழுத்துப் பார்ப்பாள். சத்தம் வரவில்லை என்றால் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு அடுத்ததற்கு நகர்வாள். பிறகு எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் அலமாரிக்குள் பூட்டிவிட்டு பிளாஸ்டிக் டம்ளர்களை வெளியே எடுத்து வைப்பாள். பத்து மணிக்குப் பதினோரு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். உள்ளே ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அக்காவின் கணவருக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. விடிந்த பிறகு வீடு திரும்பி, புருவத்தில் ஒட்டிய மாவைக் கழுவிக்கொண்டு, ஒன்பது மணிக்குப் படுத்தால் இரண்டு மணிக்குத்தான் எழுவார். வீட்டில் இருப்பதே ஒரு கூடமும் ஓர் அறையும்தான். அறையில் அவர் தூக்கம், கூடத்தில் கோடை முகாம். வேறு வேளை கிடைக்கவில்லையா என்று கேட்பவர்களிடம், பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேலைக்குப் போகிற வேளை இதுதானே என்பாள். ஐந்து வருடங்களுக்கு முன்னால், மேல்மாடியில் குடியிருக்கும், ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் தன் இரட்டைப் பிள்ளைகளை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போனாள். அந்த ஒரு வாரம் வளர்ந்துதான் முகாம் ஆயிற்று.

அறைக் கதவை ஒட்டி ஒரு பெரிய ஸ்டாண்ட் ஃபேன் நிற்கிறது. பிள்ளைகள் வேர்த்து வழிவார்கள். காற்று முழுக்க மூடிய கதவின் மேல்தான் அடிக்கும். "கதவுக்கு ரொம்பப் புழுங்குதாக்கா?" என்று இரட்டையரில் ஒருவன் முதல் நாளே கேட்டுவிட்டான். அது காற்றுக்காக வைத்த ஃபேன் இல்லை. அது கடகடவென்று போடும் சத்தம்தான் உள்ளே இருப்பவருக்குத் தாலாட்டு. கூடத்துக் குசுகுசுப்பு அதைத் தாண்டி உள்ளே போகாது. மின்சாரம் போய் ஃபேன் நின்றுவிட்டால் அடுத்த நிமிடம் கண் விழித்துவிடுவார். விழித்தால் மறுபடி தூக்கம் கிட்டே வராது. இரவெல்லாம் ரொட்டி அடுப்பின் முன்னால் நிற்கிற மனிதர், தூங்காமல் போனால் கை காலைச் சுட்டுக்கொள்வார். ஆகவே ஃபேன் பொத்தான் பக்கம் யாரும் விரலை நீட்டக் கூடாது என்பதுதான் முகாமின் முதல் சட்டம்.

மற்ற சட்டங்களும் உண்டு. கை தட்டக் கூடாது. இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் உதறலாம். தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடிவிட வேண்டும். சண்டைக்குத் தடை இல்லை. "அடிச்சுக்கோங்க, கடிச்சுக்கோங்க, சத்தம் மட்டும் வரக் கூடாது" என்பாள். குசுகுசுவென்று சண்டை போடுகிறவர்களுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கோபம் நிற்பதில்லை. யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்து காரியம் கெட்டுவிடும். நடன வகுப்பில் பாட்டு கிடையாது. அவரவர் மனதுக்குள் ஓடும் பாட்டுக்கு அவரவர் ஆட வேண்டும், என்ன பாட்டு என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இரட்டையரில் மற்றவன் ஒருநாள் வளைந்து வளைந்து ஆடினான். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு ஆடினானாம்.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மாவு. கணவர் தினமும் ஆலையிலிருந்து ஓர் உருண்டை ரொட்டி மாவு கொண்டுவருவார். பிசைவதில் சத்தமே இல்லை. பிசைந்து, கிண்ணத்தில் போட்டு, ஈரத்துணி போர்த்தித் தூங்க வைப்பார்கள்.

இந்த வருடம் வந்த பதினோரு பேரில் ஒருத்தி பட்டாணி. எட்டு வயது, உருவத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், வார்த்தை வராது. அவள் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊருக்கெல்லாம் டிரைவிங் மாஸ்டர், காரில் ஹாரன் பழுதானாலும் சமாளித்துவிடுகிற குரல். போன கோடையில் மகளை மேடைப் பேச்சு வகுப்பில் சேர்த்துவிட்டார். முதல் நாள் மேடையில் ஏறியவள் எல்லார் முன்னாலும் வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

முகாமின் இரண்டாவது வாரம் அக்கா ஒன்றைக் கவனித்தாள். பட்டாணி மாவுக் கிண்ணத்தின் மேல் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய்க் காது கொடுத்தாள். அந்தக் குசுகுசுப்பில் ஒரு தடங்கல் இல்லை. குழாய்த் தண்ணீர் மாதிரி வந்துகொண்டிருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில், "இதையே கொஞ்சம் சத்தமாச் சொல்லு கண்ணு" என்று கேட்டுவிட்டாள்.

பட்டாணி வாயைத் திறந்தாள். நரம்பு புடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் மாவிடம்கூடப் பேசவில்லை.

அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஊருக்கே உஷ் சொல்றவ, அந்தப் பிள்ளைகிட்டப் போய் சத்தமாப் பேசுன்னுட்டேங்க" என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். மூன்றாம் நாள் மாவுக்குத் துணி போர்த்தியபோது அக்காவே குனிந்து மாவிடம் எதையோ முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் பட்டாணி வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டருக்கு இந்த முகாம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இருக்கிற கொஞ்சப் பேச்சும் போய்விடும் என்று பயந்தார். ஒருநாள் மகளை அழைத்துப்போக வந்தவர், மாடிப்படியில் நின்று தன்னால் முடிந்த மட்டும் குரலைத் தணித்துச் சொன்னார்: "கடைசி நாள் இவ நாலு பேர் முன்னாடி பேசணும். இல்லைன்னா திங்கக்கிழமையே பழையபடி மேடைப் பேச்சுதான். நான் என்ன, இவளுக்குக் கெடுதலா நினைக்கிறேன்?" பட்டாணி அக்காவின் புடவையைப் பிடித்திருந்தாள். முகாமில் ஒன்றரை வாரம் மிச்சம் இருந்தது.

"பேசணும்னுதான் சொன்னார். கத்தணும்னு சொல்லலையே" என்று அக்கா அன்று கணவரிடம் சொன்னாள்.

கடைசி நாள் பன்னிரண்டு மணிக்குப் பெற்றவர்கள் வந்தார்கள். செருப்பை, தொலைபேசிச் சத்தத்தை எல்லாம் வாசலிலேயே விடச் சொல்லி, அக்கா அவர்களைப் பாயில் நெருக்கி உட்கார வைத்தாள். பாட்டில்லாத நடனம் நடந்தது. எல்லாரும் கைகளை உதறினார்கள். பிறகு பட்டாணி மாவுக் கிண்ணத்தோடு நடுவில் வந்து நின்றாள்.

அவள் உதடு அசைந்தது. ஃபேன் சத்தத்தில் அது முதல் வரிசைக்கே எட்டவில்லை.

"கேக்கலம்மா, சத்தமாச் சொல்லு" என்றார் பின்னாலிருந்து மாஸ்டர்.

பட்டாணியின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கண் வாசல் பக்கம் போயிற்று.

அக்கா அறைக் கதவைப் பார்த்தாள். பட்டாணியைப் பார்த்தாள். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.

பதினோரு பிள்ளைகளும் வாயைப் பிளந்தார்கள். இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. சுவர்க் கடிகாரம் ஓடுவது முதல்முறையாக அந்தக் கூடத்தில் கேட்டது.

"மாவு தூங்கும்போதுதான் பெருசாகும்" என்று குசுகுசுத்தாள் பட்டாணி. கடைசி வரிசை வரைக்கும் அது தெளிவாகப் போயிற்று. "நடுவுல எழுப்பக் கூடாது. ஈரத்துணி போத்திட்டு, பக்கத்துல உக்காந்து பாத்துக்கணும். நேத்து நான்தான் பாத்துக்கிட்டேன். கிண்ணத்தைத் தாண்டி வந்துடுச்சு."

மாஸ்டர் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து முன்வரிசைக்கு வந்திருந்தார். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் தொண்டையைச் செருமியதும் அவரை முறைத்தார். பட்டாணி துணியை விலக்கி அடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

அப்போது அறைக் கதவு திறந்தது. ஒரு பக்கத் தலைமுடி தூக்கிக்கொண்டு நிற்க, கண்ணைக் கசக்கியபடி கணவர் வந்து நின்றார். "கரண்டு போய்..." என்று ஆரம்பித்தார்.

ஃபேன் பக்கத்தில் நின்றிருந்த உஷ் அக்கா, பட்டாணியிடமிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, ஒரு விரலை அவர் உதட்டின் மேல் வைத்தாள்.